'மேனுவல்' என்ற சொல்லில் இருப்பது ஆண் அல்ல, கை

பிசியோதெரபி முதலாமாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "மேனுவல் மசில் டெஸ்டிங் என்று ஒரு பாடம் இருக்கிறது. மேனுவல், மேனேஜர், மேனுஃபாக்சர் எல்லாவற்றிலும் முன்னால் 'மேன்' வருகிறதே, இவை ஆணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தவையா? கைத் தசைகளின் பெயர்களில் வரும் பாலிசிஸ், இண்டிசிஸ், டிஜிட்டோரம் என்பவற்றை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா? இடது பக்கத்தை லத்தீனில் சினிஸ்டர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தீய பொருள் எப்படி வந்தது?"

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அந்தச் சொற்களில் ஆண் யாரும் இல்லை. ஆங்கிலத்தின் 'மேன்' ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். மேன்ஹோல், மேன்பவர், மேன்கைண்ட் என்பவற்றில் இருப்பது அதுதான். மேனுவல், மேனேஜர், மேனுஃபாக்சர், மேனுஸ்கிரிப்ட் ஆகியவை லத்தீன் வழியில் வந்தவை. அவற்றின் வேர் 'மனுஸ்', அதாவது கை. உங்கள் மேனுவல் மசில் டெஸ்டிங், தசையின் வலிமையைக் கையால் சோதிப்பது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவது தற்செயல்.

சின்ன வயதில் குருமடத்தில் நான்கு வருடம் லத்தீன் படித்தேன். வினைச்சொல் வாய்பாடுகளை உருப்போட்டுக் களைத்த நாட்களில் எனக்குப் பிடித்துப்போன முதல் பெயர்ச்சொல் இந்த மனுஸ். காரணம், தமிழில் கை என்ன வேலையெல்லாம் செய்கிறதோ அதையெல்லாம் லத்தீனில் மனுஸ் செய்கிறது. மேனுவல் நமக்குக் கையேடு. கையால் செய்தது மேனுஃபாக்சர், நமக்குக் கைத்தொழில். கையால் எழுதியது மேனுஸ்கிரிப்ட், நமக்குக் கையெழுத்துப் பிரதி. இவற்றில் சில, ஆங்கிலச் சொல்லைப் பார்த்து நாம் பிற்காலத்தில் அமைத்துக்கொண்டவை. அவற்றில் பெரிய வியப்பு இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இரண்டு மொழியும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்த சொற்கள்தான் சுவையானவை.

உதாரணத்துக்கு, 'கையும் களவுமாகப் பிடித்தார்கள்' என்கிறோம். ரோமானியச் சட்டம் திருட்டை இரண்டாகப் பிரித்தது. திருடும்போதே பிடிபட்டால் 'ஃபுர்தும் மனிஃபெஸ்தும்'. பிறகு விசாரித்துக் கண்டுபிடித்தால் 'மனிஃபெஸ்தும் அல்லாத' திருட்டு. மனிஃபெஸ்துஸ் என்ற சொல்லின் முன்பாதி கை. பின்பாதி எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆனால் கையால் பிடிபட்டது என்ற பொருளில் சந்தேகம் குறைவு. கி.மு. 451–450இல் எழுதப்பட்ட, ரோமின் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், இப்படிக் கையும் களவுமாகச் சிக்கிய குடிமகனுக்குச் சவுக்கடி கொடுத்து, பொருளைப் பறிகொடுத்தவனிடமே அவனை ஒப்படைத்துவிடுவார்கள். சிக்கியவன் அடிமையாக இருந்தால் ரோம் நகரத்திலிருந்த தார்ப்பேயப் பாறை என்ற செங்குத்துப் பாறையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். பின்னாளில் பிரேட்டர் என்ற நீதி அதிகாரிகள் இந்தக் கொடுமையை அபராதமாக மாற்றினார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவன் பொருளின் மதிப்பைப் போல நான்கு மடங்கு கட்ட வேண்டும், மற்றவன் இரண்டு மடங்கு.

பிடிபட்ட திருட்டுக்குச் சாட்சி தேடத் தேவையில்லை, எல்லாம் கண்முன்னே இருக்கிறது. அதனால் மனிஃபெஸ்துஸ் என்பது 'வெட்டவெளிச்சமானது' என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆங்கிலத்தில் மேனிஃபெஸ்ட் ஆனது. நோய்க்குறி வெளியில் தெரிவதை உங்கள் பாடப்புத்தகம் மேனிஃபெஸ்டேஷன் என்று சொல்லும். இத்தாலியம் வழியாக வந்த மேனிஃபெஸ்டோ, ஒரு கட்சி தன் எண்ணத்தை எல்லாரும் பார்க்க வெளிப்படையாக வைக்கும் அறிக்கை. வேரில் இருப்பது திருடனைப் பிடித்த கை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோமானியர் கை என்று சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் மனத்தில் இருப்பது பிடி. எடுப்பது, வைத்திருப்பது, கொடுப்பது, விடுவது. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மனுஸ் குடும்பத்துச் சொற்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். 'மனுஸ்' என்பதோடு 'கபேரே', அதாவது பற்று, பிடி என்ற வினை சேர்ந்தால் 'மன்கிபியும்'. அப்படியே நம்முடைய கைப்பற்றுதல். ரோமில் சில சொத்துகளை மட்டும் சாதாரணமாகக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. இத்தாலிய நிலம், அடிமைகள், உழவுக்கும் சுமைக்குமான மாடு, குதிரை, கழுதை ஆகியவை அந்த வகை. அவற்றை வாங்க ஒரு சடங்கு வேண்டும். வயதுவந்த ரோமானியக் குடிமக்கள் ஐந்து பேர் சாட்சி. ஆறாவதாக ஒருவர் வெண்கலத் தராசைப் பிடித்து நிற்பார். வாங்குபவர் பொருளைக் கையால் பற்றிக்கொண்டு, இது சட்டப்படி என்னுடையது, இந்த வெண்கலத்தாலும் தராசாலும் வாங்கிக்கொண்டேன் என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரு வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, அதை விற்பவரிடம் விலையாகக் கொடுப்பார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்ற சட்ட ஆசிரியர் இதை விவரித்துவிட்டு, பொருளைக் கையால் பற்றுவதால்தான் இந்தப் பெயர் என்று காரணமும் சொல்கிறார். நிலத்தைக் கையில் பிடிக்க முடியாதே என்றால், அதை நேரில் போகாமலே மாற்றிக்கொள்வது வழக்கம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த மன்கிபியும் என்ற சொல்லின் முன்னால் 'வெளியே' என்று பொருள்படும் 'எக்ஸ்' சேர்ந்து, ஒலி தேய்ந்து வந்ததுதான் எமன்சிபேஷன், அதாவது விடுதலை. ஆனால் ரோமில் அது முதலில் அடிமையின் விடுதலையாக இல்லை. மகன் தகப்பனின் அதிகாரத்திலிருந்து விடுபடுவதைத்தான் அந்தச் சொல் குறித்தது. ரோமானியத் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகனுக்கு ஐம்பது வயதானாலும் சொந்தமாகச் சொத்து கிடையாது, எல்லாம் தகப்பன் கையில். தகப்பனே விரும்பினாலும் மகனை நேரடியாக விடுவிக்கச் சட்டத்தில் வழி இல்லை. அப்போது வழக்கறிஞர்கள் பன்னிரண்டு பலகையில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். மகனைத் தகப்பன் மூன்று முறை விற்றுவிட்டால் மகன் தகப்பனிடமிருந்து விடுதலை பெறுவான் என்கிறது அந்த வரி. பிள்ளையைத் திரும்பத் திரும்ப விற்கும் தகப்பனைக் கட்டுப்படுத்த வந்த விதியாக அது இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதையே அவர்கள் கதவாக மாற்றினார்கள். தகப்பன் நம்பிக்கையான நண்பர் ஒருவருக்கு, தராசும் வெண்கலமும் வைத்து மகனை 'விற்பார்'. நண்பர் விடுவிப்பார், மகன் தகப்பனிடமே திரும்புவான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் விற்பனையோடு தகப்பனின் பிடி அறுந்தது. மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு விற்பனை போதும்.

அடிமைக்கு விடுதலை கொடுப்பதற்கு வேறு சொல் இருந்தது: 'மனுமிஸ்ஸியோ'. மனுஸ் கை, மித்தேரே அனுப்பு. கையிலிருந்து போகவிடுவது.  ஆகவே 1863 ஜனவரி 1 அன்று ஆபிரகாம் லிங்கன் வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனத்தை எமன்சிபேஷன் என்று சொல்லும்போது, ரோமானியக் கணக்கில் அது மகனுக்கான சொல், அடிமைக்கானது அல்ல. சொல் காலத்தில் இப்படி இடம் மாறியதை நான் குறையாகப் பார்க்கவில்லை. விற்பனைச் சடங்கின் பெயரே விடுதலையின் பெயராக மாறியதைப் போன்ற ஒரு திருப்பத்தை வேறு சொல்லில் நான் கண்டதில்லை.

திருமணத்திலும் மனுஸ் உண்டு. மனைவி 'கைக்குள் வருவது' என்றால், தன் தகப்பன் குடும்பத்தை விட்டுக் கணவன் குடும்பத்தின் அதிகாரத்துக்குள் வருவது. சட்டத்தின் பார்வையில் அவள் கணவனுக்கு மகள் ஸ்தானம். அவளுடைய சொத்தும் அங்கே போய்விடும். நாம் கைப்பிடித்தவன் என்று சொல்வதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மணமக்கள் வலக்கை கோத்துக்கொள்ளும் படங்கள் ரோமானியச் சிற்பங்களில் இருக்கின்றன, அது தனி. மனுஸ் என்பது கோத்த கை இல்லை, ஆளும் கை. சடங்கு எதுவும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே மனைவி அந்தக் கைக்குள் வந்துவிடுவாள் என்றும் ஒரு வழி இருந்தது. அதைத் தடுக்க வேண்டுமானால் ஆண்டுக்கு மூன்று இரவு தொடர்ந்து வீட்டை விட்டு வெளியே தங்கினால் போதும் என்று பன்னிரண்டு பலகையே விதித்தது. ரோமானியக் குடியரசின் கடைசிக் காலத்தில், கைக்குள் வராத திருமணமே வழக்கமாகிவிட்டது.

இவற்றில் பெரும்பகுதியை நாம் தெரிந்துகொள்வது காயுஸ் எழுதிய பாடநூலால். அந்த நூல் பல நூற்றாண்டு காணாமல் கிடந்தது. 1816இல் நீபூர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் இத்தாலியின் வெரோனா நகரத் தேவாலய நூலகத்தில் ஒரு தோல் ஏட்டைப் பார்த்தார். மேலே இருந்தது புனித ஜெரோமின் கடிதங்கள். அடியில், சுரண்டி அழித்த எழுத்தாக, காயுஸ். தோல் விலை உயர்ந்தது என்பதால் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே எழுதுவது அக்காலத்துப் பழக்கம். 'மனு ஸ்க்ரிப்தும்', கையால் எழுதியது என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏடுதான் நினைவுக்கு வரும். ஒரு கை எழுதி, இன்னொரு கை சுரண்டி, மூன்றாவது கை அதன்மேல் எழுதியிருக்கிறது.

அடுத்து, கொடுப்பது. மனுஸ், தரே (தா) சேர்ந்து 'மந்தாரே', கையில் கொடுத்து ஒப்படைப்பது. ரோமானியச் சட்டத்தில் மந்தாத்தும் என்பது நண்பருக்காக ஒரு காரியத்தைக் கூலி வாங்காமல் செய்துகொடுக்கும் ஒப்பந்தம். கூலி வாங்கினால் அது மந்தாத்தும் ஆகாது என்றே சட்டம் சொன்னது. இதிலிருந்து மேண்டேட், கமாண்ட், ரெக்கமண்ட், டிமாண்ட் எல்லாம் வந்தன. தேர்தலில் வென்றவர்கள் மக்கள் எங்களுக்கு மேண்டேட் கொடுத்தார்கள் என்கிறார்கள் அல்லவா, கையில் ஒப்படைத்தார்கள் என்பதே அதன் அடிப்பொருள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சொல்லும் தெரிந்திருக்கும். நாம் பெரிய வியாழன் என்பதை ஆங்கிலத்தில் மாண்டி வியாழன் என்பார்கள். இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய பிறகு, ஒருவரையொருவர் அன்பு செய்யுங்கள் என்று புதுக் கட்டளை தந்தார். லத்தீன் விவிலியத்தில் அது 'மந்தாத்தும் நோவும்'. பாதம் கழுவும் சடங்கில் பாடும் அந்த வரியின் முதல் சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து மாண்டி ஆயிற்று.

சட்டத்தை விட்டு வயலுக்கு வருவோம். மனு, கையால். ஒபெராரே, வேலை செய். இரண்டும் சேர்ந்து பிரெஞ்சில் மெனூவ்ர் ஆகி, ஆங்கிலத்துக்கு இரண்டு முறை தனித்தனியாக வந்தது. முதலில் வந்தபோது நிலத்தைப் பண்படுத்துவது என்ற பொருள். நிலத்தைப் பண்படுத்த எருப் போடுவார்கள், ஆகவே 16ஆம் நூற்றாண்டில் அது எருவுக்கே பெயராகி மெனூர் ஆனது. இரண்டாம் முறை படைகளை நகர்த்தும் கலையாக வந்து மெனூவர் ஆனது. ஆக எருக்குழியும் போர்த்தந்திரமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

லாயத்தில் பிறந்தது மேனேஜ். இத்தாலியத்தில் 'மனெஜ்ஜாரே' என்றால் கையாள்வது, முக்கியமாகக் குதிரையைக் கையாண்டு பழக்குவது. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு வீட்டு நிர்வாகத்தைக் குறிக்கும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் நிழலும் அதன்மேல் விழுந்து, குதிரையிலிருந்து அலுவலகம் வரை வந்துவிட்டது. தமிழில் கையாள் என்ற வினை இருக்கும்போது இதை விளக்கவே தேவையில்லை. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 'மன்சுவேத்துஸ்'. மனுஸ் கை, சுவேஸ்கேரே பழகு. கைக்குப் பழகிய விலங்கு, சாதுவானது. இந்தச் சொல் பழைய பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்தில் மாஸ்டிஃப் ஆனது. பார்த்தாலே பயம் வரும் அந்தக் காவல் நாயின் பெயருக்கு அடிப்பொருள் கைக்குப் பழகியது.

மெயின்டெய்ன் என்பது கையில் பிடித்திருப்பது. மேனிக்யூர் கைப் பராமரிப்பு. மேனகிள் கைவிலங்கு. மனிபுலுஸ் ஒரு கைப்பிடி வைக்கோல். ரோமானியப் படையில் 120 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கும் அந்தப் பெயர். ஆரம்பத்தில் கம்பு நுனியில் ஒரு பிடி வைக்கோலைக் கட்டிக் கொடியாகத் தூக்கிப் போனதால் அந்தப் பெயர் வந்தது என்று ரோமானியர்களே சொல்லிக்கொண்டார்கள். பின்னாளில் மருந்து தயாரிப்பவர்கள் மூலிகையை அளக்கும் ஒரு பிடிக்கும் அதுவே பெயராகி, மேனிபுலேஷன் பிறந்தது. மூட்டைக் கையால் அசைத்துச் சரிசெய்வதை உங்கள் துறையில் மேனிபுலேஷன் என்கிறீர்களே, அது இந்த வைக்கோல் பிடிதான். மார்பெலும்பின் மேல்துண்டுக்கு மனூப்ரியம் என்று பெயர் படித்திருப்பீர்கள். கைப்பிடி என்று அர்த்தம். மார்பெலும்பை ஒரு வாளாகப் பார்த்து, மேல்பகுதியை அதன் பிடி என்றார்கள்.

சரி, எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். 'மன்' என்று தொடங்குவதெல்லாம் கை ஆகிவிடாது. மேன்ஷன், பெர்மனென்ட், ரிமெய்ன் மூன்றும் தங்கு என்று பொருள்படும் 'மனேரே'யின் பிள்ளைகள். மேனியா கிரேக்கச் சொல். மாண்டரின் இன்னும் சுவாரசியம். சீன அதிகாரிகளைக் குறித்த அந்தச் சொல் நம்முடைய மந்திரிதான். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போய், அங்கே போர்ச்சுகீசியர் காதில் விழுந்தது. கட்டளையிடு என்று பொருள்படும் 'மந்தார்' என்ற தங்கள் சொல்லின் சாயலில் அவர்கள் அதை மண்டரிம் என்று உச்சரித்தார்கள். மந்தார், மேலே பார்த்த மந்தாரேயின் பேத்தி. ஆகவே இந்தச் சொல்லில் கை பாதியில் வந்து தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, பிறப்பில் இல்லை. தமிழிலும் இதே சிக்கல் உண்டு. கைது, கைதி இரண்டையும் பார்த்தவுடன் கையில் விலங்கு மாட்டுவது என்று தோன்றும். பலர் அப்படி விளக்கவும் கேட்டிருக்கிறேன். அவை அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொற்கள், கைக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ஒரு சொல்லின் முதல் எழுத்துகளை மட்டும் வைத்துப் பிறப்பைச் சொல்லிவிடக் கூடாது, அது எழுத்தில் இருக்கும் பழைய சான்றுகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இப்போது இடது, வலது. வலப்பக்கம் 'தெக்ஸ்தெர்', இடப்பக்கம் 'சினிஸ்தெர்'. டெக்ஸ்டெரிட்டி என்றால் கைத்திறன். தமிழில் வலம் என்ற சொல்லுக்கே வலிமை, வெற்றி என்ற பொருள்களும் உண்டு என்பதால் இது நமக்குப் புதிதாகத் தெரியாது. சோற்றுக்கை, பீச்சாங்கை என்று நம் ஊரில் பிரித்துப் பேசுவதும் நினைவுக்கு வரும். ஆனால் சினிஸ்தெர் ரோமில் எப்போதும் கெட்ட சொல்லாக இருக்கவில்லை. பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொல்லும் ரோமானியர்கள் தெற்கு நோக்கி நிற்பார்கள். சூரியன் உதிக்கும் கிழக்கு அவர்களுக்கு இடக்கைப் பக்கம் வரும். ஆகவே இடது நற்சகுனம். கிரேக்கர்கள் வடக்கு நோக்கிப் பார்த்ததால் அவர்களுக்கு வலதுதான் நல்லது. நமக்கு இடது மேல், கிரேக்கருக்கும் பிறருக்கும் வலது மேல் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோவே குறிப்பிடுகிறார். கிரேக்க இலக்கியத்தின் செல்வாக்கு லத்தீனில் கூடக்கூட, சினிஸ்தெர் கெடுதலுக்குச் சாய்ந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது தீய பொருளே தங்கிவிட்டது. இடது கைக்காரர்களைப் பார்த்து இந்தச் சொல்லின் பெயரால் யாராவது ஏதாவது சொன்னால், மூல மொழியில் அது நல்ல சகுனமாகவும் இருந்தது என்று சொல்லுங்கள். மருத்துவத்தில் அது வெறும் திசைதான். கண்ணாடிச் சீட்டில் ஓ.டி., ஓ.எஸ். என்று எழுதுகிறார்களே, ஒக்குலுஸ் தெக்ஸ்தெர், ஒக்குலுஸ் சினிஸ்தெர், வலக்கண், இடக்கண்.

இரு கைப் பழக்கம் உள்ளவரை ஆம்பிடெக்ஸ்ட்ரஸ் என்கிறோம். பிரித்தால் இரண்டும் வலக்கை என்று வருகிறது. இடக்கையை மதிப்பதாக எண்ணிக்கொண்டே அதை வலக்கையாக்கிவிட்டார்கள். அர்ஜுனனுக்குச் சவ்யசாசி என்று ஒரு பெயர் உண்டு. சவ்யம் இடது, இடக்கையாலும் வில்லை இழுப்பவன். எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது, இதில் இடக்கை இடக்கையாகவே நிற்கிறது.

சர்ஜரி லத்தீனில் இல்லை, கிரேக்கத்தில் பிறந்தது. கெயிர் கை, எர்கோன் வேலை. கைவேலை. அதற்குச் சரியான லத்தீன் விளக்கம் முதலாம் நூற்றாண்டில் மருத்துவம் பற்றி எழுதிய கெல்சுஸிடம் கிடைக்கிறது. உணவால் குணமாக்குவது, மருந்தால் குணமாக்குவது, கையால் குணமாக்குவது என்று மருத்துவத்தை மூன்றாகப் பிரித்த அவர், மூன்றாவதற்கு வரும்போது அறுவை மருத்துவரின் இலக்கணம் சொல்கிறார். கை உறுதியாக இருக்க வேண்டும், ஒருபோதும் நடுங்கக் கூடாது, வலக்கைக்கு இடக்கை சளைக்கக் கூடாது. கைராசி டாக்டர் என்று நம் ஊரில் சொல்வதன் பாதி அர்த்தம் இதில் இருக்கிறது. கையால் குணமாக்கும் அந்த வரிசையில் உங்கள் பிசியோதெரபியும் வருகிறது.

கடைசியாக, விரல்கள். லத்தீனில் விரலுக்கு 'டிஜிதுஸ்'. விரல் விட்டு எண்ணியதால் ஒற்றை எண்களுக்கு டிஜிட் என்று பெயர் வந்தது, அங்கிருந்து டிஜிட்டல். இதய நோயாளிகளுக்குத் தரும் டிஜாக்சின் மருந்திலும் விரல் இருக்கிறது. தையல்காரர்கள் ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டும் குப்பியை ஜெர்மானியர் விரல்தொப்பி என்பார்கள். அதே வடிவப் பூ உள்ள செடிக்கும் அந்தப் பெயர். 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற தாவர அறிஞர் அதை லத்தீனில் டிஜிட்டாலிஸ் என்று பெயர்த்தார். 1785இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் உடலில் நீர் தேங்கி வீங்கும் நோய்க்கு அதைப் பயன்படுத்திய விவரங்களை வெளியிட்ட பிறகு மருந்தின் பெயரும் நிலைத்தது.

தசைப் பெயர்களுக்கு ஒரே ஒரு இலக்கண விதி போதும். அவற்றின் நடுவில் வருவது பெரும்பாலும் 'உடைய' என்ற வேற்றுமை. கட்டைவிரல் பொல்லெக்ஸ், கட்டைவிரலுடைய என்றால் பாலிசிஸ். சுட்டுவிரல் இண்டெக்ஸ், அதனுடைய என்றால் இண்டிசிஸ். டிஜிட்டி, ஒரு விரலுடைய. டிஜிட்டோரம், விரல்களுடைய. ஃப்ளெக்ஸர் மடக்குவது, எக்ஸ்டென்ஸர் நீட்டுவது, லாங்கஸ் நீளம். இப்போது ஃப்ளெக்ஸர் பாலிசிஸ் லாங்கஸ் என்பதை வாசித்துப் பாருங்கள், கட்டைவிரலை மடக்கும் நீண்ட தசை. எக்ஸ்டென்ஸர் டிஜிட்டி மினிமி, மிகச் சின்ன விரலை நீட்டுவது. லம்ப்ரிக்கல் தசைகள் நான்கும் மண்புழு மாதிரி மெலிந்து நீண்டிருப்பதால் மண்புழுவின் பெயரைப் பெற்றவை.

இண்டெக்ஸ் என்பதற்குச் சுட்டிக்காட்டுபவன் என்று பொருள். காட்டிக்கொடுக்கும் உளவாளிக்கும் லத்தீனில் அதே சொல். நாம் ஆள்காட்டிவிரல் என்கிறோம், ஆளைக் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவைக்கும் ஆள்காட்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். மோதிரவிரல் அவர்களுக்கும் மோதிரவிரல்தான், அனுலாரிஸ். அந்த விரலிலிருந்து ஒரு மெல்லிய நரம்பு நேரே இதயத்துக்குப் போவதை எகிப்தியர் கண்டார்கள், அதனால்தான் அதில் மோதிரம் என்று அவுலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதியிருக்கிறார். உடலை அறுத்துப் பார்த்த உங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்பது தெரியும். சுண்டுவிரலுக்கு அவுரிகுலாரிஸ் என்றும் பெயர், காதுக்கான விரல். காது குடைவதற்கு அது வசதி.

கையின் 27 எலும்புகளில் மணிக்கட்டில் இருக்கும் எட்டைத்தான் மாணவர்கள் வெறுக்கிறார்கள். அங்கேயும் பெயர்தான் உதவி. லூனேட் நிலா, பிறை வடிவம். கேப்பிடேட் தலை உருண்டை. ஹேமேட் கொக்கி. டிரைக்வெட்ரம் மூன்று மூலை. ஸ்காஃபாய்ட் கிரேக்கப் படகு. பிசிஃபார்மில் 'பிசும்' என்பது பட்டாணி. உள்ளங்கையை மேலே திருப்பி, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டு மடிப்பில் மற்றக் கையின் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உருண்டையாக ஒன்று தட்டுப்படும், அதுதான் அந்தப் பட்டாணி.